வெற்றிடத்தைக் குறிபார்த்த விமானி

நிலையத்திலிருந்து கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஊருக்குப் புதியவர் பஸ் தெரியும் திசையில் ஓடுவார். அவர் போய்ச் சேரும்போது அங்கே புகைதான் மிஞ்சியிருக்கும். தினமும் ஏறுபவர் பஸ்ஸைப் பார்க்கவே மாட்டார். வாசலைத் தாண்டி அது எந்த இடத்தில் வேகம் குறைத்துத் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். இன்னும் பஸ் வந்திராத அந்த இடத்துக்குக் குறுக்கே நடந்து போய் ஏறிக்கொள்வார்.

பறந்துகொண்டே இன்னொரு விமானத்தைச் சுடுவதற்கும் இதே கணக்குத்தான். விமானம் தெரியும் இடத்தில் சுட்டால், தோட்டா போய்ச் சேரும் நேரத்தில் விமானம் அங்கே இருக்காது. அதற்கு முன்னால், ஒன்றுமே இல்லாத நீல வெளியில் சுட வேண்டும். படைத்துறையில் இதை டிஃப்ளெக்‌ஷன் ஷூட்டிங் என்பார்கள். நாம் இங்கே முன்குறி என்று வைத்துக்கொள்வோம். சொல்வதற்கு எளிது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இதை நம்பிக்கையோடு செய்யக்கூடிய விமானிகள் மிகக் குறைவு. அப்படிச் செய்யத் தெரிந்த ஒருவர் ஏறக்குறைய நான்கு நிமிடங்களில் என்ன செய்தார் என்பதை வைத்தே இந்த வித்தையை விளக்கிவிடலாம்.

அவர் பெயர் எட்வர்ட் ஹென்றி ஓஹேர். அமெரிக்கக் கடற்படை விமானி. கூட்டாளிகளுக்கு 'புட்ச்'. சிகாகோவின் பெரிய விமான நிலையம் தாங்கி நிற்பது இவருடைய பெயரைத்தான். வீரப் பதக்கம் பெற்றவர் என்பதால் அவரைப் பற்றிய கதைகளில் துணிச்சல் நிறையவே பேசப்பட்டிருக்கிறது. கணக்குதான் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் குறை.

1942 பிப்ரவரி 20. பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு இரண்டரை மாதங்கள்கூட ஆகவில்லை. நியூகினிக்குக் கிழக்கே உள்ள ரபவுலை ஜப்பான் ஜனவரியில் பிடித்திருந்தது. அந்தத் தளத்தைத் தாக்குவதற்காக 'லெக்சிங்டன்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜப்பானிய உளவு விமானங்கள் அதைப் பார்த்துவிட்டன. ரபவுலிலிருந்து 17 இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. ஜி4எம் என்பது அவற்றின் வகைப் பெயர். அமெரிக்கர்கள் பின்னர் 'பெட்டி' (Betty) என்ற பெண் பெயரை வைத்தார்கள். துணைக்குச் சண்டை விமானங்கள் வரவில்லை.

முதல் அணி வந்தபோது கப்பலின் சண்டை விமானங்கள் பெரும்பாலும் அதன்மேல் பாய்ந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து இரண்டாம் அணி மறுதிசையில் ராடாரில் தெரிந்தது. அந்தப் பக்கம் தடுக்கக்கூடிய நிலையில் இருந்தவை இரண்டே இரண்டு வைல்டுகேட் விமானங்கள். ஒன்றில் ஓஹேர். மற்றதில் அவருடைய துணைவிமானி மேரியன் டுஃபில்ஹோ. இருவரும் பாய்வதற்கு முன் துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். டுஃபில்ஹோவின் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. ஓஹேர் அவரைத் திரும்பிப் போகச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் போகாமல், எதிரியின் கவனத்தையாவது கலைக்கலாம் என்று கூடவே சுற்றினார் என்கிறார்கள். ஆக, சுடக்கூடியவர் ஒருவர். எதிரே ஓஹேர் எண்ணியபடி ஒன்பது விமானங்கள். ஜப்பானியப் பதிவுகளின்படி எட்டு.

கையில் இருந்த சரக்கு என்ன என்று பார்ப்போம். வைல்டுகேட்டின் இறக்கைகளில் நான்கு துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் 450 தோட்டாக்கள். ஒரு துப்பாக்கி விநாடிக்குச் சுமார் 13 தோட்டாக்களைத் துப்பும். 450ஐ 13ஆல் வகுத்துப் பாருங்கள். விசையை விடாமல் அழுத்தினால் 34 விநாடிகளில் எல்லாம் காலி. ஒரு கப்பலைக் காப்பாற்றுவதற்கு அவரிடம் இருந்தது 34 விநாடி. வாரி இறைக்க வழியில்லை.

எவ்வளவு முன்னால்?

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான்.

குண்டுவீச்சு விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்குச் சுமார் 83 மீட்டர். வைல்டுகேட்டின் அரை அங்குலத் தோட்டா விநாடிக்கு ஏறத்தாழ 850 மீட்டர் வேகத்தில் புறப்படும். நீங்கள் 300 மீட்டர் தள்ளி, சரியாகப் பக்கவாட்டில் இருக்கிறீர்கள். தோட்டா அந்தத் தூரத்தைக் கடக்க விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதலாக ஆகும். கண் இமைக்கும் நேரம். அந்த நேரத்துக்குள் குண்டுவீச்சு விமானம் 30 மீட்டர் நகர்ந்துவிடும்.

ஜி4எம் விமானத்தின் நீளம் 20 மீட்டர். அதாவது அதன் மூக்கில் தோட்டா பட வேண்டுமென்றால், மூக்கிலிருந்து ஒன்றரை விமான நீளம் முன்னால், வெறும் காற்றில் குறிவைக்க வேண்டும். விமானத்தையே பார்த்துச் சுட்டால் எல்லாத் தோட்டாக்களும் அதன் வாலுக்குப் பின்னால் போய் விழும். புதிய விமானிகள் ஏறக்குறைய எல்லோரும் செய்த பிழை இதுதான். இலக்கிலிருந்து கண்ணை எடுத்து, எதுவும் இல்லாத இடத்தில் நம்பிக்கையோடு விசையை அழுத்துவதற்கு மனம் ஒப்பாது.

இதில் ஓர் அழகான சங்கதி இருக்கிறது. தூரம் 300 மீட்டருக்குப் பதிலாக 150 மீட்டர் என்றால்? தோட்டாவின் பயண நேரம் பாதியாகும். இலக்கு நகரும் தூரமும் பாதியாகி 15 மீட்டர் ஆகும். ஆனால் பாதித் தூரத்தில் இருக்கும் 15 மீட்டர், கண்ணுக்கு முன்பிருந்த 30 மீட்டர் அளவுக்கே பெரிதாகத் தெரியும். ஆகவே விமானி பார்க்கும் கோணம் மாறுவதில்லை. இலக்கின் வேகத்தைத் தோட்டாவின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம்தான் அந்தக் கோணம். நம் கணக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. துப்பாக்கிக்காரர்கள் இதை 'மில்' என்ற அளவில் சொல்வார்கள். ஆயிரம் மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் அகலம் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ, அது ஒரு மில். நம் கணக்குக்கு 100 மில். விமானியின் குறிபார்க்கும் கருவியில் வளையங்கள் இருக்கும். வளையத்தின் அளவு தெரிந்தால், இலக்கை வளையத்தின் எந்த ஓரத்தில் வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சண்டையின் நடுவே யாரும் வகுத்தல் போடுவதில்லை. வகுத்தல் முன்கூட்டியே அந்த வளையத்துக்குள் போடப்பட்டிருக்கிறது.

சிக்கல் இனிமேல்தான். பக்கவாட்டில் 90 பாகையில் இருந்தால் 100 மில். இலக்கின் பாதைக்கு 30 பாகையில் பின்பக்கமாகச் சாய்ந்து வந்தால் அதில் பாதி போதும். நேராக வாலுக்குப் பின்னால் வந்தால் பூஜ்யம். விமானத்தையே பார்த்துச் சுடலாம். தாக்கும் விமானமோ வளைந்து பாய்ந்துகொண்டிருக்கிறது. அதனால் கோணம் நொடிக்கு நொடி 90, 60, 40 என்று சுருங்குகிறது. குறியையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும். இதைச் செய்யும்போது விமானம் சறுக்கவும் கூடாது. சறுக்கினால் மூக்கு ஒரு பக்கம் காட்டும், தோட்டா வேறு பக்கம் போகும்.

வாலுக்குப் பின்னால் போனால் என்ன?

பூஜ்யக் கணக்கு இருக்கும்போது எதற்கு இந்த வதை என்று கேட்கலாம். நேராகப் பின்னால் போய் நின்று சுட்டுவிட வேண்டியதுதானே? பல நாட்டு விமானிகள் அப்படித்தான் செய்தார்கள்.

ஜி4எம் விமானத்தின் வாலில் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று இருந்தது. நீங்கள் நேராகப் பின்னால் வந்தால் உங்களுக்கு எப்படிக் கணக்கு பூஜ்யமோ, அந்தப் பீரங்கிக்காரருக்கும் அப்படியே பூஜ்யம். அவர் பார்வையில் நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள். பெரிதாகிக்கொண்டே மட்டும் வருகிறீர்கள். அணிவகுத்துப் பறக்கும்போது அக்கம்பக்கத்து விமானங்களின் பின்துப்பாக்கிகளும் சேர்ந்துகொள்ளும்.

பக்கத்திலிருந்து, மேலிருந்து குறுக்காகப் பாய்ந்தால் நிலைமை தலைகீழ். குண்டு போடப் போகும் விமானம் நேர்கோட்டில், ஒரே வேகத்தில்தான் பறந்தாக வேண்டும். இல்லையென்றால் அதன் குண்டு குறி தவறும். ஆகவே தாக்குபவரின் கணக்கில் மாறாத எண் ஒன்று இருக்கிறது. பீரங்கிக்காரரின் கணக்கில் அப்படி எதுவும் இல்லை. அவருடைய இலக்கு வேகம் மாறி, உயரம் மாறி, வளைந்து வருகிறது. அவரும் முன்குறி வைக்கத்தான் வேண்டும். எங்கே வைப்பது என்பதற்குப் பிடி கிடைக்காது. கடினமான கணக்கை எடுத்துக்கொள்பவர், எதிரிக்கு அதைவிடக் கடினமான கணக்கைக் கொடுத்துவிடுகிறார். முன்குறியின் உண்மையான லாபம் இதுதான் என்பேன். துல்லியம் இரண்டாவதுதான்.

அமெரிக்கக் கடற்படை போருக்கு முன்பே தன் சண்டை விமானிகள் அனைவருக்கும் இதைச் சலிக்காமல் கற்றுக்கொடுத்தது. கப்பலில் இடம் குறைவு, விமானங்கள் சில, தோட்டாவுக்கும் வரம்பு உண்டு. ஒரு விமானம் நீண்ட துணிக்குழாய் ஒன்றை வானத்தில் இழுத்துக்கொண்டு போகும். மாணவர்கள் குறுக்கே பாய்ந்து சுடுவார்கள். ஒவ்வொருவரின் தோட்டா நுனியிலும் வேறு வேறு நிறச் சாயம் தோய்த்திருக்கும். துணியைத் தரைக்குக் கொண்டுவந்து விரித்து, சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை என்று ஓட்டைகளை எண்ணுவார்கள். எவ்வளவு பேசினாலும் துணி பொய் சொல்லாது. வைல்டுகேட்டும் இதற்குத் தோதாக இருந்தது. விமானியின் இருக்கை உயரத்தில். மூக்கு முன்னால் சரிந்து இறங்கும். முன்குறி வைக்கும்போது இலக்கு மூக்குக்குக் கீழே மறைந்துபோவது சண்டை விமானங்களில் பெரிய தொல்லை. இந்தச் சரிவு அதை ஓரளவு தீர்த்தது.

செயின்ட் லூயிஸில் 1914இல் பிறந்த ஓஹேர், கடற்படைக் கல்லூரியில் 1937இல் தேறி, பிறகு பென்சகோலாவில் பறக்கக் கற்றுக்கொண்டு, ஜான் தாச் என்பவரின் அணிக்கு வந்து சேர்ந்தார். தாச் துப்பாக்கிச் சுடுதலில் பித்துப் பிடித்த மனிதர். மாணவர் விரைவாகவே ஆசிரியரை நெருங்கினார்.

நான்கு நிமிடம்

ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரிந்து வந்த அணியின் மேலே, வலப்பக்கமாக ஓஹேர் இடம் பிடித்தார். அங்கிருந்து புரண்டு கீழே பாய்ந்தார். முதல் குறி, வலப்பக்கக் கடைசி விமானம். நடுவில் இருப்பதன்மேல் பாய்ந்தால் எல்லாத் துப்பாக்கிகளும் திரும்பும். கடைசியில் இருப்பதைத் தாக்கினால், மறுபக்கத்து விமானங்களுக்குத் தங்கள் தோழர்களின் விமானங்களே குறுக்கே நிற்கும்.

அவர் விமானத்தைப் பொதுவாகச் சுடவில்லை. எஞ்சினையும் இறக்கையில் உள்ள எரிபொருள் தொட்டியையும் சுட்டார். ஜி4எம் நீண்ட தூரம் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. இறக்கை முழுக்க எரிபொருள். ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் தொட்டிகள் கிடையாது. சில தோட்டாக்கள் சரியான இடத்தில் பட்டால் போதும். வலப்பக்க எஞ்சின் அடிபட்ட விமானம் வலப்பக்கமாகச் சாய்ந்து விலகியது. அதே பாய்ச்சலில் அடுத்ததையும் சுட்டார். பாய்ந்த வேகத்தை வீணாக்காமல் அணிக்குக் கீழே கடந்து, மறுபக்கம் மேலேறி, இடப்பக்கத்திலிருந்து மீண்டும் இறங்கினார். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று விநாடிச் சுடுதல். பிறகு விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.

உதவிக்கு விரைந்து வந்த தாச், ஒரே நேரத்தில் மூன்று விமானங்கள் எரிந்துகொண்டு விழுவதைக் கண்டார். அணித்தலைவரின் விமானத்தில் இடப்பக்க எஞ்சின் பிய்ந்துபோய் விழுந்தது. அந்த விமானம் கப்பல்மேல் மோதப் பார்த்து, முடியாமல் கடலில் விழுந்தது. லெக்சிங்டன்மேல் ஒரு குண்டும் படவில்லை. ஓஹேரின் தோட்டாக்கள் தீர்ந்திருந்தன. அவருடைய விமானத்தில் எதிரி போட்ட ஓட்டை ஒன்றே ஒன்று, இடது இறக்கையில். அது வேகங்காட்டியைக் கெடுத்திருந்தது, அவ்வளவுதான். பீரங்கிக்காரர்களுக்குக் கொடுத்த கணக்கு எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த ஒற்றை ஓட்டைதான் சாட்சி.

அன்று அவரை அதிகம் நெருங்கிய ஆபத்து சொந்தக் கப்பலிலிருந்து வந்தது. சக்கரங்களை இறக்கித் தரையிறங்க வந்துகொண்டிருந்தவரைப் பதற்றத்தில் இருந்த ஒரு கப்பல் துப்பாக்கிக்காரர் சுட்டுவிட்டார். குறி தவறியது. இறங்கிய ஓஹேர் அந்த இளைஞனிடம் நடந்துபோய், தம்பி, நான் சக்கரம் இறக்கி வரும்போது சுடுவதை நிறுத்தாவிட்டால் உன் அதிகாரியிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பொருள்பட ஏதோ சொன்னாராம். கடற்படையில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது.

ஐந்து விமானங்களை வீழ்த்தினார், ஆறாவதைச் சேதப்படுத்தினார் என்று அவருக்குக் கணக்கு வைக்கப்பட்டது. ஐந்து வீழ்த்தினால் 'ஏஸ்'. அந்தப் போரில் அமெரிக்கக் கடற்படையின் முதல் ஏஸ் ஆனார். 1942 ஏப்ரல் 21 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ரூஸ்வெல்ட் முன்னிலையில், மனைவி ரீட்டா அவர் கழுத்தில் மெடல் ஆஃப் ஹானர் பதக்கத்தை அணிவித்தார். அமெரிக்கப் படைகளில் இதற்கு மேல் பதக்கம் இல்லை.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியப் பதிவுகளோடு பின்னாளில் ஒப்பிட்டவர்கள், ஓஹேர் தாமே நேரடியாக வீழ்த்தியவை ஐந்துக்குக் குறைவு என்கிறார்கள். வான்சண்டையில் இது சகஜம். புகையோடு சரிந்த விமானம் விழுந்ததா, தப்பியதா என்று நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. மூன்றானாலும் ஐந்தானாலும் அணி கலைந்தது, கப்பல் பிழைத்தது.

இதைவிட எரிச்சலூட்டுவது இணையத்தில் சுற்றும் கதை. எரிபொருள் நிரப்ப மறந்து, தனியாகக் கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாராம். வழியில் எதிரி அணியைக் கண்டாராம். தோட்டாக்கள் தீர்ந்தபின் தன் இறக்கையால் எதிரி விமானங்களை இடித்துத் தள்ளினாராம். எதுவும் நடக்கவில்லை. அவர் எதிரியைத் தடுக்கவே அனுப்பப்பட்டார், அருகில் டுஃபில்ஹோ இருந்தார், இடிக்கவில்லை. அந்தக் கதையின் முன்பாதி ஓஹேரின் தந்தையைப் பற்றியது. அவர் மட்டும் உண்மை மனிதர். சிகாகோ குற்றக்கும்பல் தலைவன் அல் கபோனோடு தொழில் செய்த வழக்கறிஞர். வரி அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தவர். 1939 நவம்பரில் சிகாகோ தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இறக்கையால் இடிப்பது கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் சாயம் தோய்த்த தோட்டாவோடு துணிக்குழாயின் மேல் நூறு முறை பாய்ந்து பழகிய மனிதரின் உழைப்பை அந்த ஒரு வரி அழித்துவிடுகிறது.

பதக்கத்துக்குப் பிறகு ஓஹேரை ஊர் ஊராக மேடை ஏற்றினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. மீண்டும் அணிக்குத் தலைமை ஏற்று, ஹெல்கேட் என்ற புதிய விமானத்தில் இளைஞர்களைப் பழக்கினார். 1943 நவம்பர் 26 இரவு, கில்பர்ட் தீவுகளுக்கு அருகே, 'என்டர்பிரைஸ்' கப்பலிலிருந்து கிளம்பினார். ராடார் பொருத்திய ஒரு விமானமும் இரண்டு ஹெல்கேட்களும் சேர்ந்து இருட்டில் எதிரியைத் தேடும் புதிய முயற்சி. அதில் அவருடைய ஹெல்கேட் இருளில் விழுந்து மறைந்தது. சுட்டது எதிரியா, சொந்த அணியா என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. உடல் கிடைக்கவில்லை. வயது 29. சிகாகோவின் ஆர்ச்சர்ட் விமான நிலையத்துக்கு 1949இல் அவர் பெயரை வைத்தார்கள். அந்த ஊருக்குப் போகும் பெட்டிகளின் சீட்டில் இன்றும் 'ஓ, ஆர், டி' என்ற மூன்று எழுத்துகள்தான் இருக்கும். அவை பழைய ஆர்ச்சர்டின் எழுத்துகள்.

அவர் பழக்கிய இளைஞர்களில் ஒருவர் அலெக்ஸ் வ்ராசியு. ஓஹேருக்குத் துணைவிமானியாகப் பறந்து, மேலிருந்து குறுக்காகப் பாயும் அந்த வித்தையை அவரிடமே கற்றவர். 1944 ஜூன் 19, மரியானா தீவுகளுக்கு அருகே பெரும் வான்சண்டை. வ்ராசியுவின் எஞ்சின் அன்று மக்கர் செய்தது. எண்ணெய் கசிந்து முன்கண்ணாடியில் படிந்தது. உயரத்துக்கு ஏற முடியாமல் பின்தங்கினார். ஆகவே நெருங்கிப் போய்ச் சுட வேண்டியதாயிற்று. எட்டு நிமிடங்களில் ஆறு குண்டுவீச்சு விமானங்கள் விழுந்தன. ஹெல்கேட்டில் ஏற்றியிருந்த 2,400 தோட்டாக்களில் அவர் செலவழித்தது 360.

பழைய லெக்சிங்டன் 1942 மே மாதம் பவளக் கடலில் மூழ்கிவிட்டது. அதன் பெயரைப் புதிதாகக் கட்டிய கப்பலுக்கு வைத்திருந்தார்கள். வ்ராசியு அன்று வந்து இறங்கியது அந்தப் புதிய லெக்சிங்டனில். விமானத்திலிருந்தபடியே மேல்தளத்தைப் பார்த்து ஆறு விரல்களைக் காட்டிச் சிரித்தார். ஆறு விரல்களைக் காட்டும் அவருடைய புகைப்படம் இன்றும் இருக்கிறது.